பின்னால் இருக்கும் தீவு

எனக்கு இருபத்தொரு வயதானபோது ஒரு படம் எடுத்தார்கள். மதுரையில் ஒரு ஸ்டுடியோவில். அத்தையின் பட்டுப்புடவை, இரவல் நெக்லஸ், பின்னால் நீலத் திரை. படம் எடுப்பவர் என் முகவாயைப் பிடித்து இடப்பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டு, "லேசா சிரிம்மா, பல்லு தெரிய வேணாம்" என்றார். அந்தப் படத்தின் ஆறு பிரதிகள் ஜாதக நகலோடு ஆறு வீடுகளுக்குப் போயின. யார் யார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள், என் நிறத்தைப் பற்றியும் மூக்கைப் பற்றியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பிரதிகள் திரும்பி வரவேயில்லை.

பிற்பாடு நானே கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைபவளாக ஆனபோது, இந்தப் படத்தை என்னுடைய உரிமைச் சீட்டாக வைத்திருந்தேன். பார்க்கப்பட்டவள் நான், ஆகவே பார்க்கும்போது தவறு செய்யமாட்டேன். ஆண்களின் கேமரா பெண்களைத் தின்னும், என் கேமரா அப்படியல்ல. கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதையும், உடைந்த பிறகு எனக்கு மிஞ்சிய கேள்வியையும்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் படமெடுக்கும்போது, அந்தப் பெண்ணுக்கு அவள் கடன்பட்டிருப்பது என்ன?

*

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் இருக்கின்றன. ஆள் குடியிருப்பு இல்லாதவை. 1986இல் இவற்றைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப் பாறைகளும் கடற்புல்லும் கடற்பசுவும் இருக்கும் இடம், காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலில் அறிவிப்புக்குப் பல காலம் முன்பிருந்தே பெண்கள் இறங்கிப் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லி அறிந்து எடுப்பார்கள். அது அகர் தயாரிக்கவும் உரத்துக்கும் போகிறது. நம் ஐஸ்கிரீமிலும், ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. பூங்கா வந்த பிறகு தீவுகளை நெருங்குவது குற்றமாயிற்று. அவர்கள் அந்த எல்லைக்கு அருகிலேயே, சில நாள் அதைத் தாண்டியும், வேலை செய்து பிழைக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் அவர்களைப் படமெடுக்கப் பாம்பன் பக்கம் போனேன். விடிவதற்கு முன் படகு கிளம்பியது. புடவைக்கு மேல் ஆண்களின் சட்டை, விரல்களில் துணிச்சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. ஆக்சிஜன் உருளை கிடையாது. மூச்சை அடக்கி உள்ளே போய், பாறையைப் பிடித்துப் பாசியைப் பறித்து, மேலே வந்து மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே போவார்கள். இப்படி ஆறேழு மணி நேரம். சொறிமீன் பட்ட தடிப்பும், பாறை கிழித்த கோடுகளும், உப்பில் வெளுத்த விரல் நுனிகளும் எல்லாக் கைகளிலும் இருந்தன.

அவர்களில் மூத்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார். மூன்று நாள் அவர் வீட்டில் சாப்பிட்டேன். நான்காம் நாள், அவர் தண்ணீரிலிருந்து மேலே வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி மூச்சுவிட்ட கணத்தில் ஒரு படம் எடுத்தேன். முன்கூட்டியே கேட்டிருந்தேன். "எடுத்துக்க தங்கச்சி, இதுக்கு என்ன கேட்டுக்கிட்டு" என்றார். அந்தப் படம் நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று இன்றும் நினைக்கிறேன். கெஞ்சாத, அழகு காட்டாத, வேலையில் இருக்கும் ஒரு பெண்ணின் முகம். ஒரு பத்திரிகை அதைப் பக்கம் முழுக்கப் போட்டது. அவர் பெயரை நான் கொடுக்கவில்லை. ஆனால் படத்தின் கீழே இடம் எழுத வேண்டும் என்றார்கள். தீவின் பெயரை எழுதிக்கொடுத்தேன்.

எட்டு மாதம் கழித்துப் பத்திரிகையின் பிரதியோடு மறுபடி போனேன். அவர் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு, "என் மொகத்த நல்லாத்தான் புடிச்சிருக்க. பின்னாடி என்ன இருக்குன்னுதான் பாக்கல" என்றார்.

பின்னால் தீவு இருந்தது. அதன் கரையும் மரங்களின் வரிசையும் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கடற்கரையில் பிறந்த எந்தக் குழந்தையும் அது எந்தத் தீவு, அவர் நின்றது எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடும். தெரியாதவர்களுக்குக் கீழே நானே பெயர் எழுதியிருந்தேன். எனக்கு முன்பே அந்தப் பக்கம் ஊருக்கு வந்துவிட்டிருந்தது. யாரோ ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் விசாரித்துவிட்டுப் போனார். வழக்கு ஏதும் போடவில்லை. படகுக்காரர் பயந்துவிட்டார். அந்தப் பக்கம் படகை விடமாட்டேன் என்றார். பதினோரு பெண்களின் ஒரு பருவத்து வருமானத்தில் நல்ல பங்கு போயிற்று. இதை அவர் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றும் சொன்னார்.

நான் அனுமதி கேட்டிருந்தேன். அவர் மனமுவந்து கொடுத்திருந்தார். நான் பெண். அவரை மதித்தேன். ஒழுக்கத்தின் பாடப்புத்தகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் செய்திருந்தேன். ஆனாலும் நான் எடுத்த படத்துக்கு அவர் விலை கொடுத்தார். எனக்கோ அந்தப் படத்தால் பெயர் கிடைத்தது.

*

அந்த வருடம் முழுக்க நான் படமெடுக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இதே கடல் பக்கம் கேமராவோடு வந்த இன்னொரு பெண்ணைத் தேடிப் போனேன். ஜூலியா மார்கரெட் கேமரன், 1815இல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் மகளாகப் பிறந்தவர். 48 வயதில், 1863 டிசம்பரில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவோடு தொடங்கியவர். பிள்ளை பெற்று வளர்த்து முடித்தபின் தொடங்கிய பெண் என்பதாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். கோழிக் கொட்டகையைக் கண்ணாடி அறையாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். அந்தக் காலத்து ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். கையும் துணியும் கறுத்துப் போகும். படங்கள் தெளிவில்லை, தகட்டில் கீறல் என்று அந்தக் காலத்துப் புகைப்பட வித்தகர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இங்கிலாந்தின் தென்கரையில் வைட் தீவில் அவர் வாழ்ந்தபோது எடுத்த படங்களை மூன்று வரிசையாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. டென்னிசன், டார்வின், ஜான் ஹெர்ஷல் போன்ற ஆண்கள் முதல் வரிசை. அவர்கள் தங்கள் பெயரிலேயே இருக்கிறார்கள். பெண்கள் இரண்டாம் வரிசை. அவர்கள் பெரும்பாலும் வேறு யாருடைய பெயரிலோ இருக்கிறார்கள்: மடோனாவாக, காவிய நாயகியாக, தேவதையாக. வீட்டு வேலைக்காரி மேரி ஹில்லியர் எத்தனையோ படங்களில் கன்னி மரியாள். தெருவில் பிச்சையெடுத்த தாயோடு வந்து அவர் வீட்டில் வளர்ந்த மேரி ரயனும் அப்படியே. மேரி ரயனைப் படத்தில் பார்த்து விரும்பி 1867இல் மணந்துகொண்டவர் ஹென்றி காட்டன், பின்னாளில் 1904இல் பம்பாயில் கூடிய இந்தியத் தேசியக் காங்கிரசின் தலைவர். கேமரனின் சகோதரியின் பேத்தி வர்ஜீனியா வுல்ஃபும் ரோஜர் ஃப்ரையும் 1926இல் அவர் படங்களைத் தொகுத்து வெளியிட்டபோது வைத்த தலைப்பிலேயே ஆண்கள் புகழ்பெற்றவர்கள், பெண்கள் அழகானவர்கள். அந்தத் தலைப்பு அந்தக் காலத்தைச் சரியாகவே சொல்லிவிட்டது.

மூன்றாம் வரிசை இலங்கையில் இருக்கிறது.

அவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், இலங்கையின் நிர்வாகத்தை மாற்றியமைத்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவில் ஒருவர். அங்கே காப்பித் தோட்டங்கள் வாங்கினார். அவர்களுடைய இங்கிலாந்து வீட்டுக்கே 'டிம்போலா' என்று தோட்டத்தின் பெயர்தான். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் போனார்கள். ராமநாதபுரம் கரையிலிருந்து படகில் மன்னாருக்குக் கடந்து, அங்கிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். அக்கா மூச்சடக்கி இறங்குவது அந்தக் கடலில்தான். 1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் தோன்றி, தோட்டங்கள் அழியத் தொடங்கின. பணமும் சுருங்கிக்கொண்டிருந்த நிலையில் 1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். மகன் ஹார்டிஞ் அரசுப் பணியில் இருந்த களுத்துறையில், கடலோரத்தில், ஜூலியா மறுபடி கேமராவை விரித்தார். 1879 ஜனவரியில் இலங்கையிலேயே இறந்தார். பொகவந்தலாவையில் தேவாலயத்தின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று அறியப்படுகின்றன. ஊர்க்காரர்களும் வேலையாட்களும் அவற்றில் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தப் பெயரும் இல்லை, மேரி ஹில்லியருக்குக் கிடைத்த இரவல் பெயரும் இல்லை. 1878இல் எடுத்த ஒரு படம் களுத்துறைக் குடியானவர்களின் குழுப்படம். கீழே உள்ள குறிப்பு சொல்வது இவ்வளவுதான்: பெண்ணுக்கு 12 வயது, கிழவர் தன்னை அவளுடைய அப்பா என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார்.

இந்தக் குறிப்பை நான் பலமுறை படித்தேன். கிழவர் இதில் பேசுகிறார். அவர் 'சொல்கிறார்' என்று எழுதியிருப்பதாலேயே எழுதியவர் அதை நம்பவில்லை என்பதும் தெரிகிறது. வாசிப்பவரைப் பார்த்து ஒரு கண் சிமிட்டல். அந்தப் பெண் பேசவேயில்லை. அவள் வயது மட்டும் சந்தேகமில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. நம்பாமல் கேலி செய்வதற்காகவாவது கிழவரின் வாய்ச்சொல் பதிவாயிற்று. அவளுடையது அதற்கும் தேவைப்படவில்லை.

அதே காலத்தில் களுத்துறைக்கு இன்னொரு பெண் வந்தார். உலகம் சுற்றிச் செடிகொடிகளை வரைந்த மரியான் நார்த். கேமரன் அவரையும் விடவில்லை. காஷ்மீர்த் துணியைப் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த, நடுப்பகலில், 96 டிகிரி வெயிலில் நிறுத்தி, இயல்பாக இருக்கச் சொன்னார். எவ்வளவு முயன்றும் தகட்டில் விழுந்தது ஒரு சாதாரண மனுஷிதான் என்று நார்த் தன்னையே கேலி செய்துகொண்டு எழுதினார். அந்த நினைவுக்குறிப்புகள் 1892இல் புத்தகமாக வந்தன. அதிலேயே இன்னொன்றும் சொல்கிறார். கேமரனுக்கு ஓர் உள்ளூர் ஆணின் முதுகு மிகவும் பிடித்துப்போனதாம். அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனைக் கட்டாயப்படுத்தினாராம். வீட்டில் தோட்டம் கிடையாது. அந்த வேலை என்னவென்றும் அவனுக்குத் தெரியாது.

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. களுத்துறையில் கேமரனின் கேமராவுக்கு முன்னால் நின்றவர்களில், அப்படி நின்றது எப்படி இருந்தது என்று நமக்குச் சொல்பவர் மரியான் நார்த் ஒருவர்தான். அவருக்கு எழுத்து இருந்தது, பதிப்பாளர் இருந்தார், கப்பலில் ஊர் திரும்பும் வசதி இருந்தது. கேமராவைத் திருப்பிப் பார்க்க அவரால் முடிந்தது. 12 வயதுப் பெண்ணுக்கும், அழகான முதுகுள்ளவனுக்கும் அது முடியவில்லை. இருவரையும் எடுத்தது ஒரே பெண்ணின் கைதான். ஆகவே வித்தியாசம் எடுத்தவரின் பாலினத்தில் இல்லை. எடுக்கப்பட்டவர் பதில் பேச முடிகிறதா என்பதில் இருக்கிறது.

அதை ஒப்புக்கொண்டபோது என் ஸ்டுடியோப் படமும் வேறாகத் தெரிந்தது. நான் பார்க்கப்பட்டது உண்மை. ஆனால் நான் வளர்ந்து, படித்து, அதைப் பற்றி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் மரியான் நார்த்தின் பக்கம் இருப்பவள். அக்காவின் பக்கத்தில் இருப்பதாக இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

அப்படியென்றால் எடுக்காமலே இருந்துவிடலாமே என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு அந்தமான் வரலாற்றில் ஆதரவும் இருக்கிறது. மாரிஸ் விடால் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1879இலிருந்து அங்கிருந்து, அந்தமான் பழங்குடியினரை நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். உடலை அளந்தார். 1880இல் வடக்கு சென்டினல் தீவிலிருந்து ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்தார். முதியவர்கள் இருவரும் நோயுற்று இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப்பொருள்களோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். ஆளைப் பிடிப்பதும் படம் பிடிப்பதும் அங்கே அடுத்தடுத்த வேலைகளாக இருந்தன. தமிழில் நாமும் படம் 'எடுக்கிறோம்', 'பிடிக்கிறோம்' என்றுதான் சொல்கிறோம். படம் கொடுப்பது என்பது வேறு வேலையாக இருக்கிறது.

நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 2012இல், ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடச் சொல்லும் காணொளி வெளியாயிற்று. உணவைக் காட்டி ஆடச் சொன்னார்கள். உலகமே அதிர்ந்தது. அந்த ஆண்டிலேயே பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. ஜாரவாக்களைப் படமெடுப்பது குற்றம். நான் அந்தமானுக்குப் போனபோது, அந்தமான் பெருஞ்சாலையில் வண்டிகள் வரிசையாகப் போலீஸ் காவலோடு காட்டுக்குள் போயின. கேமராவைப் பையில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். ஒரு வளைவில் சாலையோரமாக இரண்டு பேர் நின்றார்கள். வண்டிக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். நானும் சாய்ந்தேன். கேமரா இல்லாமலேயே நாங்கள் அவர்களை எடுத்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஆனால் 2012 நிகழ்வில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காணொளி வெளியாகியிராவிட்டால் அந்தக் கொடுமை அவ்வளவு வெளிச்சத்துக்கு வந்திருக்காது. வெளியானதால், ஒரு வண்டிக்காரர்கள் பார்த்த அந்தப் பெண்களை உலகம் முழுக்கப் பார்த்தது. அநீதியைக் காட்டுவதும் அநீதியைத் தொடர்வதும் ஒரே காட்சிக்குள் இருந்தன. 'எடுக்காதே' என்பது ஜாரவாக்களின் விஷயத்தில் சரியான விதி. அவர்கள் நம் படங்களைக் கேட்கவில்லை, அவை எங்கே போகும் என்று அவர்களுக்கு நாம் விளக்கவும் முடியாது. ஆனால் பாசியெடுக்கும் பெண்களுக்கு அது சரியான விதியாகாது. மீனவர் என்றால் ஆண் என்று எண்ணும் நாட்டில், கடலில் இறங்கி உழைக்கும் இந்தப் பெண்களைத் தொழிலாளிகளாகப் பார்க்க வைத்ததில் எழுத்துக்கும் படத்துக்கும் பங்கிருக்கிறது. அவர்களும் அதை அறிவார்கள். "எங்க வேலய நாலு பேரு பாக்கட்டும்" என்று என்னிடம் முதல் நாளே சொன்னது அக்காதான்.

களுத்துறைப் பெண்ணுக்கும் இதே கேள்வி வருகிறது. கேமரன் எடுக்காமல் இருந்திருந்தால் அவள் இவ்வுலகில் இருந்ததற்கு இந்தத் தடமும் இருந்திருக்காது. பெயரில்லாத தடம், தடமே இல்லாததைவிட மேலா? எனக்கு மேல் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அது எனக்கு. அவளை இன்று பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அந்தத் தடத்தால் அவளுக்கு என்ன கிடைத்தது?

பெயர் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நாம் அவசரமாகச் சொல்லிவிடுகிறோம். கேமரனின் இலங்கைப் படங்களில் பெயர் இல்லாதது அநீதி. அக்காவின் படத்தில் பெயர் இல்லாதது அவருக்குப் பாதுகாப்பு. தீவின் பெயரும் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் பாதுகாப்பு. ஆக, பெயர் இருப்பதிலோ இல்லாததிலோ நன்மை தீமை இல்லை. அதை யார் முடிவு செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. களுத்துறையில் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. பாம்பனில் நான் கேட்டேன், ஆனால் தவறான கேள்வியைக் கேட்டேன். 'எடுக்கலாமா' என்பது பாதிக் கேள்விதான். இது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், இதில் எதைத் தெரியவிடக் கூடாது என்று கேட்பது மீதி. அந்த மீதிக்கான பதில் எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். எனக்கு அது கடல். அவருக்கு அது எல்லை, வேலைத்தலம், ஆபத்து, சோறு. அவர் அறிவை நான் கேட்கவேயில்லை. முகத்தை மட்டும் கேட்டேன்.

இதைத்தான் நான் கடன் என்கிறேன். பெண் என்பதால் நமக்குள் ஓர் உறவு தானாக இருந்துவிடும் என்று நம்பியபோது, அந்த உறவுக்காகச் செய்யவேண்டிய வேலையை நான் செய்யாமல் விட்டேன். தங்கச்சி என்று கூப்பிட்டுச் சோறு போட்டது அவர். அதை வாங்கிக்கொண்டு நான் சகோதரியாகிவிட்டதாக எண்ணினேன். சாதியும் படிப்பும் ஆங்கிலமும், ரயிலேறி ஊர் திரும்பும் வசதியும் நடுவில் இருந்தன. கேமராவைக் கண்ணில் வைத்தால் இவை எதுவும் தெரிவதில்லை. கடன் தீராது என்பதும் உண்மை. போன பருவத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. பணம் கொடுக்க முயன்றேன், அவர் வாங்கவில்லை. அப்படிக் கொடுக்க முயன்றது என் மனம் ஆறுவதற்காகத்தான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

*

இப்போது மறுபடி படமெடுக்கிறேன். எடுத்த உடனே கேமராவின் பின்திரையில் காட்டி, "இதில் எது தெரிய வேண்டாம்?" என்று கேட்கிறேன். முகத்தைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரும்பாலும் அவர்கள் சொல்வது வேறு. கொடியில் காயும் துணி. சுவரில் ஒட்டியிருக்கும் கட்சி நோட்டீஸ். தூரத்தில் நிற்கும் படகின் எண். மகன் வயதில் ஒரு பையன் பக்கத்தில் நிற்பது. "இவ நிக்கிறது வேணாம், இவ வீட்டுல தெரிஞ்சா அடிப்பாங்க" என்று ஒருத்தி சொன்னாள். சில நல்ல படங்கள் இப்படி அழிந்திருக்கின்றன. அழிக்கும்போது கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் இன்னும் போகவில்லை. போய்விட்டது என்று பொய் சொல்ல விரும்பவில்லை.

சென்ற வருடம் அக்காவைப் பார்க்கப் போனபோது, அவருக்கு என்ன படம் வேண்டும் என்று முதல் தடவையாகக் கேட்டேன். யோசிக்கவேயில்லை. "தண்ணிக்குள்ள வேணாம். காஞ்சிருக்கையில எடு" என்றார். குளித்து, மகள் திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய பச்சைப் புடவையைக் கட்டி, பவுடர் போட்டு, பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வாசலில் போட்டு உட்கார்ந்தார். கைகளை மடிமேல் வைத்து நேராகக் கேமராவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "எதுக்குக்கா?" என்று கேட்டேன். "செத்தா மாட்டுறதுக்கு ஒண்ணு வேணும்ல. எங்கம்மாவுக்கு ரேஷன் கார்டு படத்தப் பெருசாக்கித்தான் மாட்டிருக்கு. மொகமே தெரியல" என்றார். உள்ளே சுவரில் அது இருந்தது. பிளாஸ்டிக் மாலைக்கு நடுவில் ஒரு சாம்பல் நிறக் கறை.

பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த முறை பார்த்தேன். அவர் வீட்டுச் சுவரும் பாதி திறந்த கதவும் மட்டுமே இருந்தன. எடுத்துக் காட்டினேன். கழுத்துப் பக்கம் புடவை மடிப்பு சரியில்லை என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார். மூன்றாவதுதான் தேறியது. புகைப்படக் கலை என்று பார்த்தால் அதில் ஒன்றுமில்லை. எந்தப் பத்திரிகையும் போடாது, நான் கொடுக்கவும் மாட்டேன். இந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

ராமநாதபுரத்தில் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கன்னம் ஒட்டிப்போய்த் தெரியுது. பரவால்ல" என்றார். திருப்பூருக்கு அனுப்ப இன்னொரு பிரதி வேண்டும் என்றார். பிறகு, கேமராவில் இருப்பதை அழித்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன். "வச்சுக்க. யாருக்கும் காட்டாத" என்றார்.

வைத்திருக்கிறேன்.